திங்கட்கிழமைச் சேலை

அந்த லோடைத் தொட யாருக்கும் மனமில்லை.

கடலூரின் பழைய நகரான ஓ.டி.யில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் அது அடைந்து கிடந்தது. சுனாமிக்குப் பிறகு வெளியூர்களிலிருந்து வந்த பழந்துணி. கரையோரக் குப்பங்களில் அதை வாங்கவில்லை. கடல் வீட்டைத்தான் எடுத்தது, அடுத்தவர் உடுத்திக் கழித்ததை உடுத்தும் அளவுக்கு எங்களை ஆக்கவில்லை என்றார்கள். துணி ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது. பனியில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது. பிறகு யாரோ அள்ளிக் கிடங்கில் அடைத்தார்கள். 2005 மார்ச்சில் திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனி அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. அங்கே பழந்துணியைக் கிழித்து, மிஷின் துடைக்கும் துணியாக்கி, கட்டுக் கட்டாக விற்பார்கள்.

லாரி எங்கள் டிரான்ஸ்போர்ட்டுடையது. நான் அங்கே புக்கிங் பார்க்கிறவன். செம்மங்குப்பம் கம்பெனிகளிலிருந்து சாயப் பட்டறைகளுக்கான கெமிக்கல் டிரம்களைத் திருப்பூருக்கு அனுப்புவதும், திரும்பி வரும் வண்டிக்கு லோடு பிடிப்பதும் என் வேலை. பி.காம். படித்ததற்கு இது போதும் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான்.

"செத்தவங்க துணியாமே சார்," என்றார் தேவசகாயம். எங்களிடம் இருந்த டிரைவர்களில் மூத்தவர். கேபினில் வேளாங்கண்ணி மாதா படமும் அதன் கீழே ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருப்பார். எதற்கு இரண்டும் என்று கேட்டால், மாதா ஊருக்குள்ள, எலுமிச்சம்பழம் காட்டு ரோட்டுக்கு என்பார்.

"இல்லண்ணே. உயிரோட இருக்கறவங்க குடுத்த துணி."

"கிளீனரு அதக் கேட்டுட்டு நேத்தே ஓடிட்டான்."

லோடுமேன்களின் மேஸ்திரி உத்திராபதி பீடியை அணைத்தார். "ஆசிட்டு டிரம்மக் கட்டிப் புடிச்சிக்கிட்டுத் தூங்கற ஆளு, பொடவ மூட்டைக்குப் பயப்படறாரு பாருங்க."

"யோவ், ஆசிட்டு கையத்தான்யா சுடும். இது வீடு வரைக்கும் வரும்."

"வந்தா உன் பொண்டாட்டிக்குக் கட்டிக்கக் குடு. அதுவாவது ஒரு புதுப் பொடவையப் பார்க்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சவரு சார். நீங்க சொல்லுங்க, எடுக்கறன். செத்தவங்க உடுத்துனது ஒண்ணுகூட இல்லன்னு சொல்லுங்க."

"ஒண்ணுகூட இல்ல. நான் பொறுப்பு," என்றேன்.

எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இறந்தவர்களின் துணியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இவை இருக்கிறவர்கள் அனுப்பியவை. கணக்கு அவ்வளவு எளிது.

அன்று முழுவதும் ஏற்றினார்கள். உர மூட்டைச் சாக்குகளில் திணித்துக் கட்டிய துணி. சில சாக்குகளில் அனுப்பியவர்களின் பெயர் மையால் எழுதியிருந்தது. கோயம்புத்தூர் லயன்ஸ் சங்கம், ஆரணி நண்பர்கள் குழு. முதலில் ஏறிய சாக்குகளில் சிதம்பரத்துப் பள்ளி ஒன்றின் பெயர் இருந்தது. என் மனைவி வினோதினி வேலை பார்த்த பள்ளி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடிக் கட்டு வாங்கிவர உத்திராபதியின் ஆளை அனுப்பினேன். அந்தச் சாக்குகள் கேபினை ஒட்டி அடியில் போயின. மேலே மற்றவை ஏறின. தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு இழுத்தபோது வண்டி வைக்கோல் போர் போல உயர்ந்து நின்றது.

வினோதினி போன ஐப்பசியில் இறந்தாள். மஞ்சள் காமாலை. முதலில் கீழாநெல்லி, பிறகு ஆஸ்பத்திரி. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் குடியிருந்தோம், நான் தினமும் கடலூருக்கு பஸ்ஸில் வந்துபோனேன். அவள் போன பிறகு வீட்டுச் சாவியை என் மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் மாடி அறைக்கு வந்துவிட்டேன். டிசம்பரில் கடல் வந்தது. அதன் பிறகு யாரும் என்னிடம் துக்கம் கேட்கவில்லை. ஊரே துக்கத்தில் இருந்தது. என்னுடையது பழைய சாவு ஆகிவிட்டது. அது எனக்கு வசதியாக இருந்தது.

சிதம்பரத்துக்கு அவ்வப்போது போகவேண்டியிருந்தது. திங்கட்கிழமை மட்டும் போகமாட்டேன். அந்தப் பள்ளியின் டீச்சர்கள் திங்கட்கிழமைதோறும் ஒரே சேலை கட்டவேண்டும். சாம்பல் கலந்த நீலம், கருஞ்சிவப்புக் கரை, நூல் சேலை. நிர்வாகமே மொத்தமாக எடுத்துக் கொடுத்தது. அவள் காரியம் முடிந்த மறுவாரம், ஒரு திங்கட்கிழமை, பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டைம் கீப்பர் அறைக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். சீர்காழி பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். அடுத்த வண்டியிலேயே கடலூருக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலையில் வண்டி கிளம்பத் தயாரானபோது ஆபீஸ் போன் அடித்தது. மாமியார் ஞானாம்பாள்.

"இந்நேரத்துக்குக் கூப்பிட்டாத்தான் மாப்ள நீங்க கெடைக்கிறீங்க. சாப்டறீங்களா ஒழுங்கா?"

"சாப்டறேன் அத்தை."

"வீட்டுக்காரரு வேற ஆளு வராங்கன்னு சொல்றாரு. எல்லாம் ஒழிச்சிட்டன். பீரோ மட்டும் நிக்குது. அத உங்க எடத்துக்கு அனுப்பட்டுமா?"

"துணி இருக்குமே அதுல."

"துணியெல்லாம் அப்பவே குடுத்தாச்சி. பொங்கல் சமயத்துல அவ கூட வேல பார்த்த டீச்சருங்க வந்தாங்க. சுனாமிக்குச் சேர்க்கறோம், பழசு இருந்தா குடுங்கன்னாங்க. பட்ட மட்டும் எடுத்து வச்சிட்டு மீதிய அள்ளிக் குடுத்துட்டன். எங்கியாவது ஒரு பொண்ணு கட்டிக்கட்டுமேன்னு... மாப்ள? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"தப்பா பண்ணிட்டனா?"

"இல்ல அத்தை," என்று போனை வைத்தேன்.

வெளியே தேவசகாயம் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சாக்குகள் அடியில் இருந்தன. அவற்றை எடுக்கவேண்டுமானால் முழு லோடையும் இறக்கவேண்டும். உத்திராபதியின் ஆட்கள் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். திருப்பூரில் இறக்கியவுடன் கிழிக்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் கிளீனர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினேன்.

"என்னா சார், நீங்க?"

"நானும் வர்றேன்."

"லோடுக்குக் காவலா? இத எவன் சார் திருடுவான்?"

"போங்கண்ணே."

எனக்கு வேண்டியது ஒரே சேலை. மற்றவற்றை நான் கவனித்துப் பார்த்ததில்லை. திங்கட்கிழமைச் சேலையை மட்டும் தெரியும். அதற்கு ஃபால்ஸ் தைக்க அவள் நீலத் துணி தேடினாள். சேலையின் அடி மடிந்துவிடாமல் உட்புறம் கனத்துக்காகத் தைக்கும் பட்டைத் துணி அது. சேலை நிறத்திலேயே இருக்கவேண்டும். கடையில் நீலம் தீர்ந்துவிட்டது. வீட்டில் மிச்சம் கிடந்த நல்ல மஞ்சள் பட்டையை எடுத்துத் தைத்துவிட்டாள். "உள்ளதான இருக்கு, யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். யாரும் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு அவள் முன்னால் வேகமாக நடக்கும்போது குதிகாலருகே மஞ்சள் எட்டிப் பார்த்துவிட்டு மறையும். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகிற எனக்கு மட்டும் தெரியும்.

வடலூர் தாண்டி விருத்தாசலம் சாலையில் வெயில் ஏறிவிட்டது. எதிரே நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக வந்தன. தேவசகாயம் வழக்கமாகப் பாடிக்கொண்டு ஓட்டுவார் என்று சொல்வார்கள். அன்று அவர் பாடவில்லை. அடிக்கடி பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

"சார், வண்டி ஆடுது."

"உயரமான லோடு. காத்து புடிக்குது."

"காத்து எனக்குத் தெரியாதா? பஞ்சு ஏத்தியிருக்கன், மல்லாட்ட ஏத்தியிருக்கன். இது வேற மாதிரி. வளைவுல திரும்பனா, கொஞ்சம் பொறுத்து அது திரும்புது. பின்னாடி யாரோ ஒக்காந்து எடம் மாறி மாறி ஒக்கார்ற மாதிரி."

எனக்கும் அது தெரிந்தது. டிரம் ஏற்றிய வண்டி பாரத்தால் சாலையை அழுத்திக்கொண்டு போகும். இந்த வண்டிக்கு எடையே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் என் முதுகுக்குப் பின்னால், கேபின் தகட்டுக்கு அந்தப் புறம், ஏதோ மெல்லச் சாய்ந்தது. பிறகு எதிர்ப்புறம் சாய்ந்தது. துணி துணியோடு உராயும் சத்தம். பீரோவைத் திறந்து அவள் எதையோ தேடும்போது கேட்கும் சத்தம் அப்படித்தான் இருக்கும். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, என்ன தேடறே என்று கேட்பேன். ஒண்ணுமில்ல, தூங்குங்க என்பாள்.

என்ன தேடறே என்று இப்போதும் வாய்வரை வந்தது.

சின்னசேலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீ குடிக்கும்போது வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் உப்பி அடங்கியது.

"சார், நீங்க எதுக்கு வர்றீங்க?"

சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். அவர் என் பேச்சை நம்பி எடுத்த லோடு.

"அண்ணே, நான் நேத்து சொன்னது தப்பு. செத்தவங்க துணி இருக்கு. என் வீட்டுக்காரியோடது. காலையிலதான் தெரிஞ்சுது. அடியில, நமக்குப் பின்னாடி இருக்கு."

அவர் கிளாசைக் கீழே வைத்தார். திரும்பிப் போகலாம் என்பார், அல்லது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறுவார் என்று நினைத்தேன்.

"டீச்சரம்மாவா?" என்றார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"பஸ் ஸ்டிரைக் அன்னிக்கு, கடலூர் வந்து மாட்டிக்கிட்டாங்கன்னு நீங்கதான சார் ஏத்தி விட்டீங்க, சிதம்பரத்துல எறக்கி விடச் சொல்லி? இதோ, இப்ப நீங்க ஒக்காந்து வர்ற சீட்டுலதான் ஒக்காந்துக்கிட்டு பரீட்சப் பேப்பர் திருத்துனாங்க. ஆலப்பாக்கம் பக்கம் ரோடு ஒரே பள்ளம். 'அண்ணே, பள்ளம் வந்தா முன்னாடியே சொல்லுங்க, பெயிலாவ வேண்டிய பையன் பாஸாயிடறான்'னு சொன்னாங்க. வழியெல்லாம் பள்ளம், பள்ளம்னு கத்திக்கிட்டே ஓட்டனன்."

அந்தப் பள்ளக் கதை எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. அல்லது சொல்லி நான் கேட்காமல் இருந்திருப்பேன்.

"அவுங்கன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்," என்றார். "யாரோன்னு நெனச்சி இவ்வளவு தூரம் பயந்துக்கிட்டு வந்தன்."

வண்டியில் ஏறினோம். அதன் பிறகு அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆத்தூர் தாண்டி ஓரிடத்தில் சாலை தோண்டிக் கிடந்தது. "பள்ளம்," என்றார், சத்தமாக. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சேலம் வரை அப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொல்லும்போதெல்லாம் பின்னால் துணி ஒருமுறை சாய்ந்து அடங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருப்பூருக்கு வெளியே அந்தக் கம்பெனிக்குப் போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தகரக் கொட்டகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் பலகையில் நிறுத்திய ஒரு கத்தி. துணியை அதில் வைத்து இழுப்பார்கள். ஊக்கு, பட்டன், ஜிப் ஒரு பக்கம். கிழிந்த சதுரம் ஒரு பக்கம். கொட்டகை முழுக்க அந்த இழுக்கும் சத்தம்தான்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அங்கே பொறுப்பாக இருந்த புஷ்பவள்ளி என்கிற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நெறையப் பேரு மூட்டைக்குள்ள மோதிரத்த விட்டுட்டோம்னு வருவாங்க. சேலைக்குன்னு வந்தவரு நீங்கதானுங்க," என்றார். பிறகு ஆட்களிடம் கத்தினார். "அந்த அடிமூட்டைய மட்டும் கத்திக்கு உடாதீங்க. தனியா போடுங்க."

தேவசகாயமே ஏறி இறக்கினார். டிரைவர்கள் சரக்கைத் தொடமாட்டார்கள், அது லோடுமேன் வேலை. அவர் சட்டையைக் கழற்றி ஸ்டியரிங்கில் மாட்டிவிட்டு ஏறினார். பள்ளியின் பெயர் எழுதிய சாக்குகளை ஒவ்வொன்றாக என் காலடியில் போட்டார்.

முதல் சாக்கைப் பிரித்தேன். நீலம் தெரிந்தது. கருஞ்சிவப்புக் கரை. இழுத்தேன். அதற்குக் கீழே இன்னொரு நீலம். அதற்குக் கீழே இன்னொன்று.

சாக்கு முழுவதும் திங்கட்கிழமைச் சேலை.

அடுத்த சாக்கிலும் பாதிக்கு மேல் அதுதான். அந்தப் பொங்கலுக்குப் பள்ளியில் புதுச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பழையதை எல்லா டீச்சர்களும் சேர்த்துச் சாக்கில் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை சிதம்பரம் போகாத எனக்கு அது தெரிய வழியில்லை.

"எல்லாம் ஒண்ணாட்டமே இருக்குதுங்க. எப்படிக் கண்டுபுடிப்பீங்க?" என்றார் புஷ்பவள்ளி.

"ஃபால்ஸ் மஞ்சளா இருக்கும்."

அவர் குந்தி உட்கார்ந்தார். தேவசகாயமும் உட்கார்ந்தார். மூவரும் சேலைகளை எடுத்து அடிக்கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். நீலம். நீலம். கொஞ்சம் வெளுத்த நீலம். ஒன்றில் கறுப்பு. கிடங்கின் உப்பும் ஈரமும் எல்லாவற்றிலும் ஒரே வாசனையாக ஏறியிருந்தது. பக்கத்தில் கத்திகள் நிற்கவில்லை. பார்த்து முடித்ததை புஷ்பவள்ளி ஒரு பெண்ணிடம் நீட்டினார், அவள் கத்தியில் வைத்து இழுத்தாள். நீலச் சதுரங்கள் குவிந்துகொண்டே வந்தன.

கடைசிச் சேலை வரை பார்த்தோம். மஞ்சள் இல்லை.

"மூணு சேலைல ஃபால்ஸே இல்லீங்க," என்றார் புஷ்பவள்ளி. அவற்றைத் தனியே மடித்து வைத்திருந்தார். "தையல் பிரிச்ச ஓட்டை தெரியுது பாருங்க. நல்ல பட்டையா இருந்தா உருவி எடுத்துட்டுத்தான் சேலையக் குடுப்பாங்க. இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கோணும்."

மூன்றையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றை முகத்தருகே கொண்டுபோனேன். உப்பு. அடுத்ததும் உப்பு. ஒன்றில் இடுப்பில் சொருகும் இடம் நைந்திருந்தது. அவளுடையது நைந்திருந்ததா? இன்னொன்றின் முந்தானையில் மை பட்டிருந்தது. எல்லா டீச்சருக்கும் மை படும். இரண்டு வருஷம் பின்னாலேயே நடந்திருக்கிறேன். குதிகாலைத் தவிர எதையும் பார்த்து வைக்கவில்லை.

"மூணையும் எடுத்துக்குங்க சார்," என்றார் தேவசகாயம் மெதுவாக. "எதுவா இருந்தா என்னா. ஒண்ணு அவுங்களோடதுதான்."

"ரெண்டு வேற யாரோடதோ."

"அவுங்கதான் வேணாம்னு குடுத்துட்டாங்களே."

"அவங்க உயிரோட இருக்காங்கண்ணே."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மாடி அறையில், ஆணியில், மூன்று நீலச் சேலை தொங்கும். நான் ஒவ்வொரு நாளும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொரு நாளும் அது வேறு ஒருத்தியுடையதாக இருக்கக்கூடும்.

மூன்றையும் புஷ்பவள்ளியிடம் கொடுத்தேன். அவர் உடனே கத்திக்குத் தரவில்லை. தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். நாங்கள் போன பிறகு தந்திருப்பார்.

திரும்பும்போது பனியன் பெட்டிகள் லோடு. வண்டி ஆடவில்லை. தேவசகாயம் பள்ளம் என்று சொல்லவில்லை. பாடவும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை சிதம்பரம் போனேன். பீரோ விஷயமாக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பள்ளி விடும் நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். டீச்சர்கள் வந்தார்கள். செங்கல் நிறத்தில் புதுச் சேலை. டைம் கீப்பர் அறைக்கு முன்னால் நின்றார்கள், தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றார்கள், சீர்காழி பஸ்ஸில் ஏறினார்கள். ஒருத்தி என்னை அடையாளம் கண்டு தலையசைத்தாள். யாரும் வினோதினியாக இல்லை. கடைசி டீச்சர் ஏறிப்போகும் வரை நின்றேன். கூட்டம் கலைந்த இடத்தில் ஒரு ஆள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நாளும் எதற்குப் பயந்து ஓடினேனோ, அது ஒருமுறை திரும்பி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலைகட்டித் தெருவில் மாமியார் வீட்டுக்கு நடந்தேன். பழுப்பு நிறச் சேலை உடுத்தியிருந்தார். மெலிந்துவிட்டார்.

"என்னா மாப்ள இப்படி கறுத்துப்போயிட்டீங்க? வெயில்ல அலையறீங்களா? ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். பீரோவைப் பற்றிப் பேசினோம். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். திருப்பூர் போனதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் தப்பா பண்ணிட்டனா என்று மறுபடி கேட்பார்.

"இருங்க, தண்ணி கொண்டாரன்," என்று எழுந்து சமையலறைக்கு நடந்தார்.

அவர் குதிகாலருகே மஞ்சள் எட்டிப் பார்த்தது. மறைந்தது. மறுபடி எட்டிப் பார்த்தது.

பழுப்புச் சேலையின் உட்புறம் அந்தப் பட்டை தைத்திருந்தது. ஓரம் அழுக்கேறியிருந்தாலும் அதே நல்ல மஞ்சள். சமையலறை நிலைவரை அது நடந்து போனது. திரும்பி வரும்போது தெரியவில்லை. முன்னால் வரும்போது தெரியாது. எப்போதும் அப்படித்தான்.

சொம்பை வாங்கி முழுவதும் குடித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"அத்தை," என்றேன், "இன்னும் கொஞ்சம் தண்ணி."

"தாகமா மாப்ள? இருங்க," என்று எழுந்தார்.